மறுமலர்ச்சிக்கான முதலாவது காரணம்

1

மே மாதம் வருகிறது, போன வருஷம் யுத்தம் முடிந்த அந்த நாட்களை நீங்கள் எப்படிக் கழித்தீர்கள் என்று எழுதித் தாருங்கள் என ஊரிலிருந்து ஒரு சஞ்சிகைக்காரர் கேட்டிருந்தார். எழுத என்னிடம் ஒன்றுமில்லை என்றுதான் முதலில் பதில் போட்டேன். அடக்கத்தில் சொன்னதல்ல. யோசித்துப் பார்த்தால் வேலைக்குப் போனேன், வந்தேன், சமைத்தேன், உடுப்புத் தோய்த்தேன். ரொறன்ரோவில் அந்தக் கிழமைகளில் ஆயிரக்கணக்கான தமிழர்கள் தெருவில் நின்றார்கள். நான் நிற்கவில்லை. அழவுமில்லை. இதை வாசிக்க யாருக்கு விருப்பம் இருக்கும்?

பிறகுதான் அந்த வருஷம் நான் உருப்படியாக ஒரு வேலை செய்தது ஞாபகத்துக்கு வந்தது. ஓஎல் என்கிற சாதாரணதரச் சோதினை எடுக்கும் பிள்ளைகளுக்காக ஐரோப்பிய மறுமலர்ச்சி பற்றிப் பாடக் குறிப்பு எழுதினேன். அதைப் பற்றி வேண்டுமானால் எழுதுகிறேன் என்று சொன்னேன். அவர் சம்மதித்தார். என்ன நினைத்துச் சம்மதித்தாரோ தெரியாது.

நான் யாழ்ப்பாணத்தில் வரலாறு படிப்பித்தவள். ஆசிரியர் அறையில் எனக்குப் பக்கத்துக் கதிரை வசந்தாவுடையது. அவள் கணக்கு ரீச்சர். நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் 'நீர்' என்றுதான் கூப்பிடுவோம். எவ்வளவு நெருங்கின பிறகும் அது மாறவில்லை. நான் படிப்பிப்பதை அவள் பாடமென்றே ஒத்துக்கொள்வதில்லை.

"உது கதையப்பா. எங்கயோ ஒருத்தன் படம் கீறினான், சிலை செதுக்கினான் எண்டு எங்கட பிள்ளையள் ஏன் பாடமாக்க வேணும்?" என்பாள்.

"பழைய கிரேக்கற்ர அறிவும் கலையும் ஆயிரம் வருஷம் மறந்துபோய்க் கிடந்து திரும்பி வந்தது. அது சின்ன விசயமோ?" என்பேன்.

"விடை சரியோ பிழையோ எண்டு பாக்க ஏலாத பாடம் எனக்கு வேண்டாம்."

தொண்ணூற்றைந்தில் சண்டை நெருங்கி எல்லோரும் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டபோது நாங்களும் ஒன்றாகவே வன்னிக்குப் போனோம். சில வருஷங்களில் நானும் என் கணவரும் சின்னப் பிள்ளையாயிருந்த மகளைத் தூக்கிக்கொண்டு கொழும்புக்கு வந்து, அங்கிருந்து கனடா வந்து சேர்ந்தோம். வசந்தா வரவில்லை. அவளுடைய கணவர் நேசன் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிறவர். நோயாளிகளை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று நின்றார். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

வருஷத்தில் நாலைந்து தடவை ரெலிபோனில் கதைப்போம். வன்னியில் சண்டை இறுகி, இரண்டாயிரத்தொன்பது தொடங்கிய பிறகு அதுவும் நின்றுபோனது.

2

அந்த வசந்தகாலத்தில் நான் ரொறன்ரோவுக்குப் பக்கத்தில், மார்க்கம் என்ற நகரத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தேன். ஒஷாவாவில் கார் செய்கிறவர்களுக்குப் பக்கக் கண்ணாடிகள் பூட்டிக் கொடுக்கும் இடம். வரிசையில் வரும் கண்ணாடியை வெளிச்சத்தில் பிடித்துக் கீறல் இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. நாள் முழுக்க என் முகம்தான் எனக்கு முன்னால் வந்து வந்து போகும். முதல் மாதத்திலேயே அதைப் பார்க்காமல் கீறலை மட்டும் பார்க்கப் பழகிவிட்டேன்.

வீட்டில் ரீவி நிற்பதே இல்லை. என் கணவர் பிறம்ரனில் ஒரு களஞ்சியத்தில் வேலை. நேரே வந்து அதன் முன்னால் இருப்பார். வன்னிச் சனங்களின் படங்கள் வரும்போது நான் குசினிக்குள் போய்விடுவேன். அந்தக் கூட்டங்களுக்குள் வசந்தாவின் முகம் இருக்குமோ என்று தேடுவது தொடக்கத்தில் இருந்தது. பிறகு அதையும் விட்டுவிட்டேன்.

மகள் அபிக்குப் பதினாறு வயது. வீட்டில் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்லுகிற பிள்ளை. கோயிலுக்கு வா என்றால் தலையிடிக்கிறது என்பாள். அவள்தான் அந்த மாதங்களில் பள்ளி விட்டதும் சப்வே எடுத்து நகரத்துக்கு, ஆர்ப்பாட்டங்களுக்குப் போனாள். மழையில் நனைந்து, தொண்டை கட்டி, கன்னத்தில் கலர் பூசிக்கொண்டு வந்தாள். நாங்கள் அவளுக்கு ஊரைப்பற்றி அதிகம் சொன்னதில்லை. யார் சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது.

அன்னையர் தினத்தன்று காலையில் எனக்கு ஒரு வாழ்த்து மட்டை தந்தாள். அன்று மாலை எங்கள் சனங்கள் நெடுஞ்சாலையில் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். ரீவியில் பார்த்துக்கொண்டிருந்த என் கணவர், "உதுக்குள்ளை உவளும் நிக்கிறாளோ?" என்று கேட்டார். நின்றாள். வீடு வந்ததும் நான் சாப்பாட்டைச் சூடாக்கி வைத்தேன். அவள் சோற்றுக் கோப்பையைத் தொடவில்லை.

"அம்மா, உங்கட ஃபிரெண்ட் அங்கை இருக்கிறா. யூ டோன்ட் ஈவன் க்ரை. ஏன்?"

"சாப்பிடு, ஆறப்போகுது," என்றேன்.

எல்லாம் முடிந்தது என்று அறிவித்த நாள் இங்கே விக்டோரியா தினம். பொது விடுமுறை. மாலையில் பூங்காக்களில் வாணம் விடுவார்கள். ஒவ்வொரு வருஷமும் விடுவதுதான். எங்கள் மாடியின் பின்பக்கத்திலிருந்து அது வடிவாகத் தெரியும், அபி சின்னவளாயிருந்தபோது தூக்கிக் காட்டியிருக்கிறோம். கொழும்பிலும் வெடி கொளுத்துகிறார்கள் என்று ரீவியில் சொன்னார்கள். என் கணவர் எழும்பி யன்னல்களைச் சாத்தினார். சத்தம் அப்படியும் வந்தது. நான் அடுத்த நாளைக்கான உடுப்பை அயர்ன் பண்ணிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் வேலைக்குப் போனேன். எங்கள் வரிசைக்குப் பொறுப்பான பெண் போலந்துக்காரி, நல்ல மனுசி, என்னைவிட மூத்தவள். என் தோளில் கையை வைத்து, ரேடியோவில் கேட்டேன், உங்கள் நாட்டில் யுத்தம் முடிந்துவிட்டதாமே, நல்லது, உனக்காகச் சந்தோசப்படுகிறேன் என்றாள்.

"தாங்க் யூ," என்றேன்.

வாய் தானாகச் சொன்னது. இந்த நாட்டில் யாராவது அன்பாக ஏதாவது சொன்னால் சொல்ல வேண்டிய பதில் அதுதான் என்று பத்து வருஷமாகப் பழகி வைத்திருக்கிறேன். அவள் போய்விட்டாள். அடுத்த கண்ணாடி வந்தது. அதில் கீறல் இல்லை.

3

ஜூனில் எங்களுக்கு வேலை போனது. ஒஷாவாவில் கார் விற்பனை படுத்துவிட்டது, கண்ணாடி தேவையில்லை. வேலையிழப்புக் கொடுப்பனவு எடுப்பதற்காக அரசாங்க அலுவலகம் ஒன்றில் போய் வரிசையில் இருந்தேன். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒரு இளம் ஆள். என் பெயரில் எது முதற் பெயர், எது குடும்பப் பெயர் என்பதிலேயே கொஞ்ச நேரம் போனது. அப்பாவின் பெயரை முன்னுக்குப் போடுவது எங்கள் வழக்கம் என்றேன். அப்படியென்றால் இவ்வளவு காலமும் எங்கள் பதிவில் இருந்தது உங்கள் அப்பாவா என்று கேட்டார். ஒருவகையில் ஓம் என்றேன்.

பிறகு, "பிரிவுக்கான காரணம் என்ன?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

நான் திகைத்துப் போனேன். நானும் கணவரும் பிரியவில்லை, அவர் பிறம்ரனில் வேலை செய்கிறார், பின்னேரம் வீட்டுக்கு வந்துவிடுவார் என்று விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "வேலையிலிருந்து பிரிந்ததற்கான காரணம்," என்றார். இரண்டு பேரும் சிரித்தோம். நான் சிரித்தது எனக்கு வெளியிலிருந்து கேட்பதுபோல் கேட்டது.

உங்கள் நாட்டில் என்ன வேலை செய்தீர்கள் என்றார். வரலாற்று ஆசிரியை. எந்த நாட்டு வரலாறு? ஐரோப்பாவும் படிப்பித்தேன், மறுமலர்ச்சிக் காலம், கைத்தொழிற் புரட்சி, எல்லாம் என்றேன். அவர் கொம்பியூட்டரில் மேலும் கீழும் தேடினார். அதற்குப் பொருத்தமான இடம் அதில் இல்லைப்போல. 'மற்றவை' என்று போட்டுவிட்டு, வயது போனவர்களைப் பராமரிக்கும் வேலைக்கு இப்போது நல்ல கிராக்கி, படிக்க விருப்பமா என்று ஒரு துண்டுப் பிரசுரம் தந்தார். வாங்கிக்கொண்டு வந்தேன்.

4

ஜூலையில் ஒரு காலை, அபி இன்னும் எழும்பவில்லை. ரெலிபோன் அடித்தது.

"கௌரியோ? நான் வசந்தா."

அந்தக் குரல் அவளுடையதுதான். கொஞ்சம் மெலிந்து, கிட்டத்தில் யாரோ நித்திரை கொள்வதுபோல் அடங்கி வந்தது.

"எங்கையிருந்து கதைக்கிறீர்?"

"செட்டிகுளம். அகதி முகாம். ஆற்றையோ போன், கனநேரம் கதைக்கேலாது. பேப்பர் பேனை எடும்."

எடுத்தேன்.

"இஞ்சை கூடாரத்துக்குள்ளை பள்ளிக்கூடம் துவங்கியிருக்கு. டிசம்பரிலை பிள்ளையளுக்கு ஓஎல் சோதினை. கணக்குப் படிப்பிக்க மூண்டு பேர் இருக்கினம். வரலாறுக்கு ஒருத்தரும் இல்லை. பிறின்சிபல் அதை என்ர தலையிலை கட்டிப்போட்டார்."

"வரலாறோ? உமக்கோ?"

"ஓம், சிரியாதையும். பத்தாம் வகுப்புப் புத்தகம் ஒண்டுமே இல்லை. மறுமலர்ச்சி கட்டாயம் வருமாம். எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. எழுதி அனுப்பும். நேசன்ர தங்கச்சி பவானி வவுனியாவிலை இருக்கிறா, அவவுக்கு ஈமெயிலிலை போட்டால் அச்செடுத்துக் கொண்டுவருவா."

"எழுதுறன். நேசன் எங்கை?"

"நேசன் இல்லை. சண்டையின்ர கடைசிக் கிழமை." மூச்சு விடவில்லை. "காரணங்கள், விளைவுகள் எண்டு பிரிச்செழுதும். இலக்கம் போடும். அப்பதான் பிள்ளையள் பாடமாக்குவினம்."

"சரி," என்றேன்.

"வைக்கிறன்."

கையிலிருந்த தாளைப் பார்த்தேன். அவள் சொன்ன பவானியின் ஈமெயில் முகவரி இருந்தது. அதற்குக் கீழே 'நேசன் இல்லை' என்று எழுதியிருந்தேன். அதற்குக் கீழே 'காரணங்கள், விளைவுகள், இலக்கம்'. எல்லாம் ஒரே கையெழுத்தில், ஒரே அளவில், கோணாமல் இருந்தது.

நேசன் நல்ல உயரமான மனிதர். எங்கள் கலியாணத்துக்கு ஏணி இல்லாமலே எட்டிப் பந்தல் கட்டியவர். இதைக்கூட அன்று நான் நினைக்கவில்லை, இப்போது எழுதும்போதுதான் வருகிறது. அன்று தேத்தண்ணி போட்டுக் குடித்தேன்.

5

பாடத்தை எழுத உட்கார்ந்தால் ஒன்றும் வரவில்லை. வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதியது. கண்ணை மூடிக்கொண்டு எழுதலாம் என்று நினைத்தேன். நாலு காரணங்கள் என்பது மட்டும் ஞாபகம் இருந்தது. வர்த்தகத்தால் பணக்காரரான இத்தாலிய நகரங்கள், அச்சுக்கலை, கலைஞர்களை ஆதரித்த பிரபுக்கள். முதலாவது காரணத்தை மட்டும் கை எழுத மறுத்தது என்று சொன்னால் அது பொய். கை எழுதியது. எழுதிய பிறகுதான் வாசித்தேன்.

'1453 இல் கொன்ஸ்தாந்திநோபிள் நகரம் முற்றுகையிடப்பட்டு வீழ்ச்சியடைந்தமை. அங்கிருந்த கிரேக்க அறிஞர்கள் கையெழுத்துப் பிரதிகளுடன் தப்பியோடி இத்தாலியை அடைந்தமை.'

பத்து மார்க் வினாவில் இதற்கு இரண்டு மார்க். எத்தனையோ வகுப்புகளில் இதைச் சொல்லியிருக்கிறேன். பிள்ளைகள் ஒரே குரலில் திருப்பிச் சொல்லியிருக்கிறார்கள்.

மற்ற விபரங்களுக்காக அபியையும் கூட்டிக்கொண்டு ஸ்காபரோ நூலகத்துக்குப் போனேன். வேலையில்லாத அம்மாவுடன் கோடை விடுமுறையில் நூலகத்துக்கு வருவது அவளுக்குப் பெரிய சலிப்பு. யாருக்கு எழுதுகிறேன் என்று சொன்ன பிறகு முகம் மாறியது. தடித்த புத்தகங்களை அவளே தேடி எடுத்து வந்தாள். ஆங்கிலத்தில் அவள் வாசித்துச் சொல்ல நான் தமிழில் எழுதினேன்.

"அம்மா, மறுமலர்ச்சி எண்டா என்ன மீனிங்?"

"திரும்பப் பூக்கிறது."

"இங்கிலிஷிலை திரும்பப் பிறக்கிறது." கொஞ்சம் யோசித்தாள். "தமிழ்தான் நைஸ்."

கொஞ்ச நேரம் கழித்து ஒரு பக்கத்தில் விரலை வைத்தாள்.

"லுக். உங்கட முதலாவது பொயின்ற் பிழை. அந்த ஸ்கொலர்ஸ் சிற்றி விழுந்தாப் பிறகு ஓடேல்லை. கனபேர் அதுக்கு முந்தியே போட்டினம். லைக், ஃபிஃப்ரி இயர்ஸ் முந்தி. இற்றலியிலை வேலை எடுத்து, ஓல்றெடி செற்றில் ஆயிட்டினம். சிற்றி விழேக்கை அவை அங்கையே இல்லை."

"எங்கட புத்தகத்திலை அப்பிடி இல்லை."

"உங்கட புக் பிழையம்மா." பிறகு மெதுவாகச் சொன்னாள். "லைக் அஸ்."

நான் அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படி முன்னரே போனவர்கள் நகரம் விழுந்த சேதியை எப்படிக் கேட்டார்கள், கேட்ட அன்று என்ன செய்தார்கள் என்று அதில் இல்லை. படிப்பித்தார்கள், மொழிபெயர்த்தார்கள் என்று மட்டும் இருந்தது. சோதினைக்குப் புத்தகத்தில் உள்ளதை எழுதினால்தான் மார்க் என்பதால் என் குறிப்பை நான் திருத்தவில்லை.

ஈமெயில் போட்டு இரண்டொரு நாளில் பவானி ரெலிபோன் எடுத்தாள்.

"அக்கா, குறை நினைக்காதைங்கோ. முகாம் வாசலிலை கொண்டுபோற காகிதமெல்லாம் ஆமிக்காரர் பாக்கினம். தமிழ் தெரிஞ்ச ஆக்களும் நிக்கினம். உதிலை முற்றுகை, வீழ்ச்சி, தப்பியோடினது எண்டு கிடக்கு. எனக்குக் கொண்டுபோகப் பயமாக் கிடக்கு."

"அது ஐரோப்பா, பவானி. ஐந்நூறு வருஷத்துக்கு முந்தி."

"எனக்குத் தெரியும் அக்கா. வாசலிலை நிக்கிறவைக்குத் தெரியுமோ?"

அவள் சொன்னது சரி. பிடிபட்டால் அவளும் வசந்தாவும் அல்லவா நிற்க வேண்டும். நான் மேசையில் இருந்து வேறு சொற்களைத் தேடினேன். என் கணவர் எட்டிப் பார்த்துவிட்டு, "இடம்பெயர்ந்தமை எண்டு போடும். எங்கட வெயார்ஹவுசிலை ஆக்களை வேலையாலை நிப்பாட்டேக்கையும் உப்பிடித்தான் ஒரு நல்ல சொல்லுப் போடுறவை," என்றார்.

'கொன்ஸ்தாந்திநோபிளிலிருந்து அறிஞர்கள் இத்தாலிக்கு இடம்பெயர்ந்தமை' என்று எழுதினேன். ஆண்டையும் எடுத்துவிட்டேன். ஒரு வரி. யாருக்கும் நோகாத வரி. பவானி அதைக் கொண்டுபோய்ச் சேர்த்தாள்.

6

பிறகு வசந்தா இடைக்கிடை எடுப்பாள். எப்போதும் பாடத்தைப் பற்றித்தான். மறுமலர்ச்சியில் 'மனிதநேயவாதம்' என்றால் என்ன, கடவுளை விட்டுவிட்டார்களா என்று கேட்பாள். இல்லை, மனுசரையும் பார்க்கத் தொடங்கினார்கள் என்பேன். படம் கீறுவதற்குப் பிணத்தை அறுத்துப் பார்த்தார்களாம் என்று எழுதியிருக்கிறீர், அதைப் படிப்பிக்க வேண்டுமா என்பாள். வேண்டாம், விடும் என்பேன். நான் நேசனைப் பற்றிக் கேட்கவில்லை. பக்கத்தில் ஆட்கள் இருப்பது கேட்கும். அவளும் சொல்லவில்லை. இரண்டு பேரும் இத்தாலியைப் பற்றிக் கதைத்தோம். முன்பெல்லாம் அவளோடு இவ்வளவு நேரம் வரலாறு கதைத்ததே இல்லை.

செப்ரெம்பரில் ஒரு நாள் கொஞ்சம் கோபமாகவே எடுத்தாள்.

"நீர் முதலாவது காரணத்தை வடிவா எழுதேல்லையப்பா. வகுப்பிலை ஒரு பெட்டை எழும்பி, 'ரீச்சர், உந்த அறிஞர்கள் ஏன் இடம்பெயர்ந்தவை?' எண்டு கேக்கிறாள். நான் என்னத்தைச் சொல்ல? ஏன் வெளிக்கிட்டவை?"

"போனிலை சொல்லலாமோ?"

"கெதியாச் சொல்லும்."

சொன்னேன். நகரத்தைச் சுற்றி வளைத்தார்கள். சனங்கள் உள்ளே அகப்பட்டார்கள். கடைசியில் விழுந்தது.

தொடர்பு அறுந்துவிட்டதோ என்று நினைத்தேன்.

"வசந்தா?"

"நிக்கிறன். அப்ப மிச்சப்பேர்?"

"எந்த மிச்சப்பேர்?"

"படிச்ச ஆக்கள் இத்தாலிக்குப் போட்டினம். மிச்சச் சனம்? அதுக்குள்ளை நிண்ட ஆக்கள்? அவைக்கு என்ன நடந்தது?"

எனக்குத் தெரியவில்லை. எங்கள் புத்தகம் அறிஞர்களோடு கப்பலேறி இத்தாலிக்குப் போய்விடும். நானும் பிள்ளைகளும் அதோடு போய்விடுவோம். அந்த நகரத்தை யாரும் திரும்பிப் பார்த்ததில்லை. பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

அபியிடம் சொன்னேன். அவள் பள்ளிக்கூட நூலகத்திலிருந்து ஒரு புத்தகம் கொண்டுவந்து குசினி மேசையில் வைத்து வாசித்தாள். நான் கறிக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டே கேட்டேன். பிடிபட்டவர்களைப் பிரித்துக் கொண்டுபோனார்கள். குடும்பங்கள் குலைந்தன. உறவினர்கள் வருஷக்கணக்காகத் தேடித் திரிந்தார்கள். சிலரை மீட்டார்கள், பலரை மீட்கவில்லை. நகரம் வெறிச்சோடியது. பிறகு வென்றவர்களே அங்கே ஆட்களைக் கொண்டுவந்து இருத்த வேண்டியிருந்தது. அதிக காலம் போகவில்லை, பழைய ஆட்களுடைய ஒரு பள்ளிக்கூடமும் திரும்ப நடக்கத் தொடங்கியது.

"அவ்வளவுதானோ?" என்றேன்.

"ஸ்கூல் பற்றி ஒரு லைன்தான் இருக்கு."

அடுத்த முறை வசந்தா எடுத்தபோது எல்லாவற்றையும் சொன்னேன். அவள் இடையில் குறுக்கிடவில்லை.

"ஒரு வரிதானோ?"

"ஒரு வரிதான்."

"சரி. நீர் எழுதி அனுப்ப வேண்டாம். நான் வாயாலை சொல்லுறன்."

7

டிசம்பர் தொடக்கத்தில் முகாமிலிருந்து ஆட்களை வெளியில் போக விட்டார்கள். வசந்தா வவுனியாவுக்கு, பவானியின் வீட்டுக்கு வந்தாள். பிள்ளைகள் சோதினை எழுதினார்கள். வரலாற்றுப் பாடம் முடிந்த அன்று அவள் எனக்கு எடுத்தாள். இங்கே காலை. முதல் பெரிய பனி கொட்டியிருந்தது. அபி பள்ளிக்கு வெளிக்கிட்டுச் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். என் கை மாவாக இருந்ததால் போனை மேசையில் வைத்து ஸ்பீக்கரில் போட்டேன்.

"வந்ததப்பா! மறுமலர்ச்சிக்கான காரணங்கள் நாலு தருக. அப்பிடியே வந்தது."

"எல்லாரும் எழுதினவையோ?"

"எழுதினவை. அண்டைக்குக் கேள்வி கேட்ட பெட்டை மட்டும் மூண்டுதான் எழுதினவள். முதலாவதை விட்டிட்டாள்."

"மறந்துபோனாளோ?"

"இல்லை. தெரிஞ்சுகொண்டுதான் விட்டவள். வந்து என்னட்டைச் சொன்னவள்."

"ஏனாம்?"

"நான் கேக்கேல்லை."

பவானியின் வீட்டில் எங்கோ ஒரு காகம் கத்தியது.

"கௌரி, இப்ப பக்கத்திலை ஒருத்தரும் இல்லை. பவானி சந்தைக்குப் போட்டா. நீரும் ஒண்டும் கேக்கேல்லை, என்ன?"

"கேக்கலாமோ?"

"கேளும்."

"நேசனுக்கு என்ன நடந்தது?"

அவள் சொல்லத் தொடங்கினாள். கணக்குச் செய்வதுபோல், ஒரு படிக்குப் பிறகு அடுத்த படி, ஒன்றையும் விடாமல் சொன்னாள். அவள் சொன்னதை இங்கே எழுதப்போவதில்லை. அது அவளுடையது, எழுத விருப்பம் வந்தால் அவள் எழுதுவாள். நான் மாவுக் கையோடு நின்றேன். அபி ஒரு சப்பாத்தைப் போட்டபடி, மற்றதைக் கையில் வைத்தபடி படியில் இருந்தாள். அவளுடைய பஸ் வந்து, நின்று, போனது. பனிக்குள் அது மெதுவாகத்தான் போனது.

வசந்தா சொல்லி முடித்தாள். எனக்கு ஒரு சொல்லும் வரவில்லை. ஆங்கிலத்திலும் வரவில்லை.

அபி எழும்பி வந்து மேசையில் குனிந்தாள்.

"அன்ரி, நான் அபி. நீங்கள் சாப்பிட்டீங்களோ?"

மறுபக்கத்தில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம்.

"இல்லைப் பிள்ளை. இனித்தான் ராவைக்கு உலை வைக்க வேணும். நீ பள்ளிக்கூடம் போகேல்லையே?"

"பஸ் போட்டுது அன்ரி."

"அடுத்த பஸ்ஸைப் பிடி. பிந்திப் போனாலும் போகவேணும்."

"ஓம் அன்ரி."

அபி மற்றச் சப்பாத்தையும் போட்டுக்கொண்டு, கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனாள். நான் கையைக் கழுவிவிட்டு வந்து போனின் முன்னால் இருந்தேன். வசந்தாவும் வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை. அங்கே பானை எடுக்கிற சத்தம் கேட்டது, பிறகு அரிசி கழுவுகிற சத்தம், பிறகு அடுப்பு. உலை கொதித்து அவள் அரிசியைப் போட்டாள். சோறு வடிக்கும் வரைக்கும் நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.